காரின் முன்பக்க லிங்க் ராடை வீட்டிலேயே மாற்றுவது

மெதுவாகப் போகும்போது ஒரு பக்கச் சக்கரம் சின்னப் பள்ளத்தில் இறங்கினால் முன்னால் ‘லொட லொட’ என்கிறதா? பெரிய வேகத்தடையில் இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கும்போது அந்தச் சத்தம் அடங்கிவிடுகிறதா? அப்படியானால் முதலில் சந்தேகப்பட வேண்டியது லிங்க் ராடைத்தான். வளைவில் வண்டி அதிகம் சாயாமல் தடுக்கும் ஸ்டெபிலைசர் பாரின் முனையை ஷாக் அப்சார்பரோடு இணைக்கும் குச்சி அது. இரு முனையிலும் எல்லாப் பக்கமும் அசையும் சிறிய குமிழ் மூட்டு, அதாவது பால் ஜாயின்ட் உண்டு. அதை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட் கிழிந்து மண்ணும் மழைநீரும் உள்ளே போனதும் அது தேய்ந்து ஆடத் தொடங்கும். நின்ற வண்டியில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ‘டங்’ என்று வந்தால் அது வேறு கதை. ஷாக் அப்சார்பரின் மேல்முனையை பாடியோடு பிடிக்கும் ஸ்ட்ரட் மவுண்டைப் பாருங்கள்.

வெளிச்சந்தை லிங்க் ராடை ஜோடியாகவே வாங்குங்கள். கடையிலேயே பழையதன் படத்தோடு ஒப்பிட்டு நீளம், போல்ட் எந்தப் பக்கம் பார்க்கிறது, மரையின் அளவு மூன்றையும் சரிபார்க்க வேண்டும். சில மாடல்களில் இடது வலது வேறு. பெட்டிக்குள் புது நைலான் நட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய நட்டைத் திரும்பப் போட்டால் அதன் நைலான் வளையம் பிடிக்காது. உடைப்புக் கடையில் கிடைக்கும் பழைய லிங்க் ராடு காசுக்குக் கேடு.

பெரும்பாலான சிறு கார்களில் நட்டு 14 அல்லது 17 மி.மீ. அதற்கேற்ற ரிங் ஸ்பேனர், 5, 6 மி.மீ. ஆலன் கீ, கம்பி பிரஷ், துரு இளக்கும் ஸ்பிரே, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச், இரண்டு ஜாக் ஸ்டாண்ட் வேண்டும். ஸ்டாண்டுக்குப் பதில் ஹாலோ பிளாக்கோ செங்கல்லோ வேண்டாம். பாரம் ஏறினால் முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும். முந்தின நாள் இரவே மரையைப் பிரஷ்ஷால் தேய்த்து ஸ்பிரே அடித்து விட்டால் மறுநாள் பாதி வேலை மிச்சம்.

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்கள் உருளாமல் தடுப்புக் கட்டை வையுங்கள். வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்திவிட வேண்டும். பிறகு முன்பக்கம் இரண்டையும் தூக்கி, ஓனர் மேனுவல் காட்டும் இடங்களில் ஸ்டாண்ட் கொடுங்கள். கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்க வைத்தால் கூடுதல் பாதுகாப்பு.

இரு பக்கமும் தூக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு சக்கரம் மட்டும் தொங்கினால் பார் முறுகி நிற்கும். பழையது விசையோடு துள்ளி விடுபடும். புதியதன் போல்ட் துளைக்கு நேராக வராது. அப்படியும் கொஞ்சம் விலகினால், சக்கரத்தை அடியில் வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்முக்கு அடியில் இன்னொரு ஜாக் வைத்து மெல்ல உயர்த்துங்கள், தானாக நேராகும். சுத்தியலால் தட்டி நுழைக்காதீர்கள், மரை கெடும்.

பழையதைக் கழற்றுவதுதான் பொறுமையைச் சோதிக்கும் கட்டம். நட்டைத் திருகினால் பால் ஜாயின்டும் கூடவே சுற்றும். போல்ட் நுனியில் ஆலன் கீ நுழையும் ஆறுகோணக் குழி இருந்தால் கீயால் அசையாமல் பிடித்துக்கொண்டு, ரிங் ஸ்பேனரால் நட்டைத் திருப்புங்கள். குழியில் மண் அடைந்திருந்தால் குத்தி எடுத்துவிட்டுக் கீயை முழு ஆழத்துக்கு நுழைக்க வேண்டும். அரைகுறையாக நுழைத்தால் குழி வழுக்கிவிடும். வழுக்கியே விட்டதா? எப்படியும் தூக்கிப் போடப்போகும் பொருள்தான்: ரப்பர் பூட்டைக் கிழித்து, உள்ளே போல்ட்டை வைஸ் கிரிப்பால் கவ்வுங்கள். அதுவும் முடியாவிட்டால் நட்டை அறுக்க வேண்டியதுதான். கிரைண்டரின் பொறி பிரேக் ஹோஸிலும் ஏபிஎஸ் ஒயரிலும் படாமல் தகடு வைத்து மறைத்து, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

புதியதை மாட்டும்போது இரு நட்டையும் கையால் பிடிக்க வைத்த பிறகே இறுக்குங்கள். நைலானைத் தொட்டதும் நட்டு முறுக்கு காட்டும். இறுகிவிட்டது என்று அங்கேயே நிறுத்துவது பலர் செய்யும் தவறு. போல்ட்டின் தோள் பிராக்கெட்டில் இடைவெளியின்றி உட்கார வேண்டும். எம்10 (10 மி.மீ. விட்டமுள்ள) போல்ட்டுக்கு டார்க் ரெஞ்சில் இறுக்கம் பொதுவாக 45 முதல் 60 நியூட்டன் மீட்டர். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் வேறு சொன்னால் அதுவே சரி. இம்பாக்ட் கன் வேண்டாம், புது ஜாயின்டையே சுற்றவிட்டுக் கெடுக்கும். பூட் முறுகி நிற்கிறதா என்று பாருங்கள். முறுகியது சீக்கிரம் கிழியும். கிரீஸ் செலுத்தும் நிப்பிள் இருந்தால் பூட் லேசாக உப்பும் வரை கிரீஸ் அடித்தால் போதும்.

ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் திருப்பி, லிங்க் ராடு எதிலும் உரசவில்லை என்று உறுதி செய்த பின் சக்கரத்தை மாட்டுங்கள். வண்டியை இறக்கியதும் வீல் நட்டுகளை எதிரெதிராக, மேனுவல் அளவுக்கு இறுக்க வேண்டும். இந்த வேலைக்கு வீல் அலைன்மென்ட் தேவையில்லை. லிங்க் ராடு சக்கரக் கோணத்தைத் தொடுவதில்லை. 100 கி.மீ. ஓடியபின் நான்கு லிங்க் நட்டுகளையும் ஒருமுறை டார்க் ரெஞ்சால் பாருங்கள். சத்தம் இன்னும் இருந்தால் அடுத்து ஸ்டெபிலைசர் பாரின் ரப்பர் புஷ், அதற்கடுத்து லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் இரண்டையும் பாருங்கள்.