8 ஜிபி ரேம், பயன்படுவது 5.88 தானா? புது லேப்டாப்பில் எதைப் பார்ப்பது, எதை மாற்றுவது

புது லேப்டாப்பை ஆன் செய்து, வைஃபை இணைத்து, அப்டேட் எல்லாம் முடிந்ததும் ரேம் (புரோகிராம்கள் ஓடும்போது பயன்படுத்தும் தற்காலிக மெமரி) எவ்வளவு என்று பார்க்கிறோம். 8 ஜிபி என்று சொல்லி விற்ற மெஷின் 5.88 என்று காட்டினால் கோபம் வருவது நியாயம்தான். ஆனால் கடைக்குப் போன் போடுவதற்கும் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுப்பதற்கும் முன்னால் பார்க்க வேண்டியவை சில உண்டு. பெரும்பாலும் விண்டோஸுக்குள்ளேயே விடை கிடைத்துவிடும். திருப்பிக் கொடுக்கும் அவகாசம் முடிவதற்குள் பார்த்துவிடுங்கள், அது மட்டும் முக்கியம்.

படி 1: குறைவது ரேமா, டிஸ்க்கா?

512 ஜிபி எஸ்எஸ்டி வாங்கினேன், 476 தான் இருக்கிறது என்பது உங்கள் கவலையானால், எதுவும் தொலைந்து போகவில்லை. டிஸ்க் தயாரிப்பவர்கள் நூறு கோடி பைட்டை ஒரு ஜிபி என்கிறார்கள். விண்டோஸ் 107,37,41,824 பைட்டை ஒரு ஜிபி என்கிறது. அந்தக் கணக்கில் 512 என்பது 476 ஆகவும், 1 டிபி என்பது 931 ஆகவும் தெரியும். சி டிரைவ் இதைவிட மிகக் குறைவாக, 200 ஜிபி போல இருந்தால், ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறங்கள். மீதி இடம் டி டிரைவாகவோ, 'அன்அலோகேட்டட்' என்ற கறுப்புப் பட்டையாகவோ அங்கே கிடக்கும். கறுப்புப் பட்டை என்றால் அதில் ரைட் கிளிக் செய்து 'நியூ சிம்பிள் வால்யூம்' கொடுத்தால் புது டிரைவ் வந்துவிடும்.

ரேமுக்கு இந்தச் சமாதானம் செல்லாது. ரேமை விற்பவரும் விண்டோஸும் ஒரே அளவுகோலில்தான் எண்ணுகிறார்கள். அதனால் ரேம் குறைந்தால் வேறு காரணம் இருக்கிறது.

படி 2: இரண்டு எண்களையும் எழுதி வையுங்கள்

செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் என்று போங்கள். 'இன்ஸ்டால்டு ரேம்' என்ற வரியில் 8.00 ஜிபி என்று ஓர் எண்ணும், பக்கத்திலேயே 5.88 ஜிபி யூசபிள் என்று இன்னோர் எண்ணும் இருக்கும்.

முதல் எண் நீங்கள் காசு கொடுத்த அளவுக்குச் சரியாக இருந்தால், ரேம் முழுதாக உள்ளே இருக்கிறது. அதில் ஒரு பகுதியை வேறு ஏதோ எடுத்துக்கொள்கிறது. முதல் எண்ணே குறைந்தால் கதை வேறு, நேராகப் படி 6-க்குப் போங்கள். பலர் இரண்டாவது எண்ணை மட்டும் பார்த்துவிட்டுக் கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறார்கள். அவர் முதல் எண்ணைக் காட்டினால் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

படி 3: டாஸ்க் மேனேஜர்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். 'பெர்ஃபாமன்ஸ்' பகுதியில் 'மெமரி'யைத் தேர்ந்தெடுத்தால் கீழே சின்ன எழுத்தில் சில வரிகள் தெரியும். 'ஹார்ட்வேர் ரிசர்வ்டு' என்பதுதான் விண்டோஸின் கைக்கே வராமல் ஒதுக்கப்பட்ட அளவு. 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' எத்தனை ஸ்லாட்டில் (ரேம் மாட்டும் இடத்தில்) ரேம் இருக்கிறது என்று சொல்லும். பின்னால் உதவும், குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அதே பக்கத்தில் 'ஜிபியு'வையும் (திரைக்கான கிராபிக்ஸ் பகுதி) திறந்து பாருங்கள். 'டெடிகேட்டட் ஜிபியு மெமரி' 2 ஜிபி என்றும், ரிசர்வ்டு அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவும் இருந்தால், விடை கிடைத்துவிட்டது: ரேமை எடுத்துக்கொண்டது கிராபிக்ஸ். (தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப்பில் இரண்டு ஜிபியு தெரியும். அந்தக் கார்டுக்குச் சொந்த மெமரி உண்டு, அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.) பக்கத்தில் 'ஷேர்டு ஜிபியு மெமரி' என்று பெரிய எண் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அது தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளக்கூடிய உச்சவரம்புதான். இப்போது உங்கள் ரேமிலிருந்து கழிக்கப்பட்டதல்ல.

படி 4: கிராபிக்ஸ் எடுத்ததைத் திரும்ப வாங்க முடியுமா?

தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில், திரைக்குப் படம் அனுப்பும் பகுதி பிராசஸருக்குள்ளேயே இருக்கிறது. அதற்கென்று மெமரி கிடையாது, ரேமில்தான் பங்கு கேட்கும். இன்டெல் மெஷின்கள் பொதுவாகக் கொஞ்சமாக முன்கூட்டியே எடுத்துக்கொண்டு, மீதியைத் தேவைக்கேற்ப வாங்கும். அதனால் 16 ஜிபியில் 15.7 போலத் தெரியும். ஏஎம்டி ரைசன் மெஷின்களில் பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் ஓடி மெஷினைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) ஆரம்பத்திலேயே 512 எம்பியோ 2 ஜிபியோ ஒதுக்கிவிடுவது வழக்கம். 16 ஜிபியில் 2 போனால் சமாளிக்கலாம். 8 ஜிபியில் 2 போவது உண்மையிலேயே வலிக்கும். பிரவுசரில் நாலு டேப், கூடவே ஒரு வீடியோ கால் என்றாலே திணறத் தொடங்கிவிடும். இந்த ஒதுக்கீட்டைப் பெட்டியின் மேலேயே அச்சிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மாற்றும் இடம் பயாஸ். உள்ளே போவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, தயவுசெய்து இதைத் தாண்டிப் போகாதீர்கள். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் வைத்து செட்டப் செய்த புது விண்டோஸ் 11 மெஷின்களில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகியிருக்கலாம், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கலாம். பயாஸில் கை வைத்த பிறகு சில சமயம் பிட்லாக்கர் (அந்தப் பூட்டைப் போடும் விண்டோஸ் வசதி) ரெகவரி கீயைக் கேட்கும். அந்த 48 இலக்க எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் இருக்கும். போனில் லாகின் செய்து, எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொண்ட பிறகு தொடங்குங்கள்.

இனி லேப்டாப்பை அணைத்து மீண்டும் ஆன் செய்யும்போது டெல், ஏசர், ஏசுஸ் என்றால் எஃப்2, ஹெச்பி என்றால் எஃப்10 விட்டுவிட்டு அழுத்துங்கள். சிக்கவில்லையா? செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி போய் 'அட்வான்ஸ்டு ஸ்டார்ட்அப்' கொடுங்கள். வரும் நீலத் திரையில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ் என்று போனால் அதே இடம்தான்.

உள்ளே 'யுஎம்ஏ ஃபிரேம் பஃபர் சைஸ்' அல்லது 'விஜிஏ மெமரி' போன்ற பெயரில் ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் 512 எம்பி வைத்து, சேவ் செய்து வெளியே வாருங்கள். ஆபீஸ் வேலை, படிப்பு, யூடியூப் எல்லாவற்றுக்கும் அது போதும். கேம், வீடியோ எடிட்டிங் என்றால் இருப்பதை அப்படியே விடுங்கள், கிராபிக்ஸுக்கு அந்த இடம் வேண்டும். பல லேப்டாப்களில் இந்த வரியே இருக்காது. அப்போது கம்பெனி தளத்தில் புது பயாஸ் அப்டேட் இருக்கிறதா என்று பார்க்கலாம். கண்ட வீடியோவைப் பார்த்து மாற்று பயாஸ் ஏற்றும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

படி 5: ஒரு டிக்

ஸ்டார்ட் தேடலில் 'சிஸ்டம் கான்ஃபிகரேஷன்' என்று டைப் செய்து திறங்கள். பூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போனால் 'மேக்ஸிமம் மெமரி' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் இருக்கக் கூடாது, இருந்தால் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். அங்கே எண் போட்டால் ரேம் கூடும் என்று சொல்வது தவறு. அது குறைப்பதற்கான வசதி.

யாராவது பழைய 32 பிட் விண்டோஸ் 10 ஏற்றிக் கொடுத்திருந்தால் 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது. விண்டோஸ் 11-இல் 32 பிட்டே கிடையாது.

படி 6: முதல் எண்ணே குறைகிறது

16 என்று சொன்னது 8.00 என்று காட்டினால், முதலில் வாங்கிய பக்கத்தையும் பில்லையும் மறுபடி படியுங்கள். '16 ஜிபி வரை எக்ஸ்பாண்டபிள்' என்றால் பிற்பாடு போட்டுக்கொள்ள வழி இருக்கிறது என்று மட்டும்தான் பொருள். 2018 வாக்கில் 8 ஜிபி ரேமையும் 16 ஜிபி ஆப்டேன் என்ற, டிஸ்க்கை வேகப்படுத்த மட்டுமே உதவும் இன்டெல்லின் கேஷ் மெமரியையும் கூட்டி '24 ஜிபி மெமரி' என்று விளம்பரம் செய்ததும் உண்டு.

வாசகம் சரியாக இருந்தால், அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள சீரியல் எண்ணைக் கம்பெனி தளத்தில் போடுங்கள். டெல்லில் அதன் பெயர் சர்வீஸ் டேக். தொழிற்சாலையிலிருந்து எவ்வளவு ரேமோடு கிளம்பியது என்று பல கம்பெனிகளின் தளத்தில் தெரியும். அங்கே 16 இருந்து உங்களிடம் 8 என்றால், ஒரு ரேம் ஸ்டிக் பயணத்தில் தளர்ந்திருக்கலாம், பழுதாகியிருக்கலாம், யாரோ கழற்றியிருக்கலாம். அங்கேயே 8 என்றால், மீதி 8-ஐக் கடைக்காரர் தானே போட்டுத் தருவதாகச் சொன்னாரா என்று கேளுங்கள். நம்மூரில் அப்படி விற்பது சகஜம். பயாஸின் முதல் பக்கத்திலும் மொத்த ரேம் தெரியும். அங்கேயும் 8 என்றால் விண்டோஸ் மேல் குற்றமில்லை.

ரேம் ஸ்டிக்கைக் கழற்றி மாட்டுவது கஷ்டமான வேலை அல்ல. ஆனாலும் புது மெஷினின் பின்மூடியை நீங்கள் திறக்காதீர்கள். திறந்த பிறகு ஸ்டிக்கை எடுத்தது யார் என்ற கேள்வி உங்கள் பக்கம் திரும்பும்.

அபௌட் பக்கம், டாஸ்க் மேனேஜரின் ஸ்லாட் வரி, பயாஸ் திரை, பெட்டியின் ஸ்டிக்கர், பில் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, கடைக்கும் கம்பெனிக்கும் மெயிலில் எழுதுங்கள். போனில் பேசினாலும் புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். சரி, அவர்கள் இழுத்தடித்தால்? இந்தியாவில் வாங்கியவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். புகார் பதியும்போது பில் எண்ணும் வாங்கிய தேதியும் கையில் இருக்கட்டும்.