நாயோடு ஜப்பான்: 180 நாளை வேளச்சேரியிலேயே கழித்துவிடுங்கள்

டோக்கியோ போஸ்டிங் உறுதியான அன்றைக்கு ராத்திரி, விசா, வாடகை எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டு நான் தேடியது ஒரே விஷயம்தான்: கருப்பியை எப்படிக் கூட்டிப்போவது. கருப்பி வேளச்சேரியில் எங்கள் தெருமுனை டீக்கடை வாசலில் கிடைத்த நாட்டு நாய், 18 கிலோ, மாநகராட்சி ஆட்கள் கருத்தடை செய்து விட்டபோது வெட்டிய அடையாளம் காதில் இன்னும் இருக்கிறது. விமானத்தில் ஏற்றுவதுதான் பெரிய வேலை என்று அப்போது நினைத்திருந்தேன். அது கடைசி ஒரு நாள் வேலை. அதற்கு முன்னால் ஏழு மாத வேலை இருக்கிறது, அதில் பாதி காலண்டரைப் பார்த்து நாள் எண்ணுவது.

ஜப்பானில் விலங்குகளிடம் கடைசியாக ரேபிஸ் வந்தது 1957-இல். அதற்குப் பிறகு உள்ளே விடக்கூடாது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காக்கிறார்கள், நம் ஊரோ ரேபிஸ் இருக்கும் நாடு. அதனால் அவர்கள் கேட்பது இதுதான்: தடுப்பூசி போட்டு, உடம்பில் எதிர்ப்பு சக்தி வந்துவிட்டது என்று ரத்தப் பரிசோதனையில் காட்டி, ரத்தம் எடுத்த நாளிலிருந்து 180 நாள் காத்திருந்து வா. எல்லாம் சரியாக இருந்தால் அங்கே இறங்கியதும் சோதனை 12 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். குறைந்தால், எத்தனை நாள் குறைகிறதோ அத்தனை நாள் அவர்களுடைய குவாரன்டைன் கூண்டில் இருக்க வேண்டும், அதிகபட்சம் 180 நாள் வரை, செலவும் நம் தலையில். ஆக, அந்த ஆறு மாதத்தை நாய் எங்கே கழிக்கப்போகிறது என்பதுதான் நீங்கள் முடிவு செய்யவேண்டியது. வீட்டு சோபாவில் கழிக்கட்டும்.

முதல் வேலை சிப், அதாவது நாயின் தோலுக்கடியில் போடும், அடையாள எண் கொண்ட மைக்ரோசிப். இதை எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது. கருப்பிக்கு வருடா வருடம் ரேபிஸ் ஊசி தவறாமல் போட்டு, புத்தகம் முழுக்க ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருந்தேன். பக்கத்து கிளினிக்கில் கேட்டபோது, "ஊசிதான் இருக்கே, சிப்பை ஊருக்குப் போற சமயத்துல போட்டுக்கலாம்" என்றார்கள். நானும் நம்பி இரண்டரை மாதம் சும்மா இருந்தேன். விதி என்னவென்றால், சிப் போடுவதற்கு முன் போட்ட ரேபிஸ் ஊசி எதுவும் கணக்கில் வராது, ஏனென்றால் அந்த ஊசி இந்த நாய்க்குத்தான் போடப்பட்டது என்று நிரூபிக்க ஒன்றும் இல்லை. சிப் முதலில், ஊசி அப்புறம். ஒரே நாளில் போடலாம், ஆனால் வரிசை மாறக்கூடாது, சான்றிதழிலும் அந்த வரிசை தெரியவேண்டும். ஆக நான் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

சிப் 15 இலக்கம் கொண்டதாக, ஐஎஸ்ஓ 11784, 11785 தரத்தில் இருக்கவேண்டும். போட்டவுடன் ஸ்கேனரை வைத்துப் படிக்கச் சொல்லுங்கள், ஸ்கேனர் காட்டும் எண்ணை போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அதன்பிறகு எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் அந்தப் போட்டோவை வைத்து இலக்கம் இலக்கமாக ஒப்பிடுங்கள். என் விஷயத்தில், ரத்தப் பரிசோதனை படிவத்தில் டாக்டர் கையால் எழுதிய 3, பார்ப்பதற்கு 8 மாதிரியே இருந்தது. கவுன்டரிலேயே நின்று படித்ததால் பிடித்தேன். அந்த ரத்த மாதிரி அப்படியே வெளிநாடு போய், ரிசல்ட்டில் தப்பு எண்ணோடு திரும்பி வந்திருந்தால், அது உலகத்தில் இல்லாத வேறொரு நாயின் ரிசல்ட்.

அடுத்தது ஊசி, மொத்தம் இரண்டு. முதல் ஊசி போடும்போது நாய்க்குக் குறைந்தது 91 நாள் வயது ஆகியிருக்கவேண்டும். இரண்டாவது, முதல் ஊசியிலிருந்து குறைந்தது 30 நாள் தள்ளி, முதல் ஊசி காலாவதி ஆவதற்குள். உயிருள்ள வைரஸ் வகைத் தடுப்பூசி செல்லாது. இங்கே கிளினிக்குகளில் போடுவது பெரும்பாலும் செயலிழக்கச் செய்த வகைதான், இருந்தாலும் குப்பியில் பார்த்துக்கொள்ளுங்கள். ஊசியின் பெயர், தயாரித்த நிறுவனம், லாட் எண், போட்ட தேதி, எத்தனை நாள் வரை செல்லும் என்பது எல்லாம் எழுத்தில் வேண்டும்.

இரண்டாவது ஊசி போட்ட அன்றே ரத்தம் எடுக்கலாம் என்று விதி இருக்கிறது. நான் இரண்டு வாரம் தள்ளி எடுத்தேன். ஊசி போட்டு உடம்பு அதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் அவகாசம் வேண்டும், ஒரு மில்லி லிட்டருக்கு 0.5 ஐயு (எதிர்ப்பு சக்தியை அளக்கும் சர்வதேச அலகு) அல்லது அதற்கு மேல் வந்தால்தான் தேர்ச்சி. அவசரப்பட்டு எடுத்து 0.4 வந்தால் மறுபடி ரத்தம், மறுபடி 180 நாள். இரண்டு வாரத்தை மிச்சம் பிடிக்கப் போய் அந்த ரிஸ்க் எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இன்னொன்று, எந்த லேபில் வேண்டுமானாலும் செய்ய முடியாது. ஜப்பான் வேளாண் அமைச்சகம் அங்கீகரித்த ஆய்வகங்களின் பட்டியல் அவர்களுடைய தளத்தில் இருக்கிறது, அமெரிக்காவின் கான்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழக ரேபிஸ் லேப் மாதிரி, அதில் ஒன்றுக்குத்தான் போகவேண்டும். ரத்தத்திலிருந்து சீரத்தைப் பிரித்து, ஐஸ் பேக் வைத்து கூரியரில் அனுப்பவேண்டும். முன்பே இதைச் செய்து பழக்கமுள்ள டாக்டராகப் பார்த்துப் போங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரித்தால் வழி தெரியும், ஆனால் காலையிலேயே போய் டோக்கன் வாங்கிவிடுங்கள், மாடும் ஆடும் பூனையுமாக அங்கே எப்போதும் கூட்டம்தான்.

இப்போது நாள் கணக்கு. நான் போட்ட கணக்கையே தருகிறேன். ஜூன் 5 சிப்பும் முதல் ஊசியும். ஜூலை 7 இரண்டாவது ஊசி. ஜூலை 21 ரத்தம். அன்றைக்குப் பூஜ்யம் என்று வைத்து எண்ணினால் 180-ஆவது நாள் ஜனவரி 17. பொங்கல் முடிந்து கிளம்பலாம் என்று சந்தோஷப்பட்டேன், அந்தப் பொங்கலே பிறகு எப்படிக் காலை வாரியது என்று கீழே சொல்கிறேன். ரத்தப் பரிசோதனை எடுத்த நாளிலிருந்து இரண்டு வருடம் செல்லும், ஆனால் நடுவில் ஊசி ஒரு நாள்கூடக் காலாவதி ஆகக்கூடாது. பயணம் தள்ளிப்போனால் காலாவதி தேதிக்கு முன்பே பூஸ்டர் போட்டுவிடுங்கள்.

உங்களுக்கு மூன்று மாதத்தில் வேலையில் சேரவேண்டும் என்றால்? நீங்கள் முன்னால் போங்கள், நாய் அம்மா அப்பாவிடம் இருக்கட்டும், நாள் ஆனதும் வந்து கூட்டிப்போங்கள். எனக்குத் தெரிந்து அதுதான் உருப்படியான வழி. குட்டியாக வாங்கிக்கொண்டு போகலாம் என்று நினைப்பவர்கள் மறந்துவிடுங்கள், அது பத்து மாதக் குட்டியாகத்தான் விமானம் ஏறும்.

வந்து சேரும் நாளுக்குக் குறைந்தது 40 நாள் முன்னால் ஜப்பானின் விலங்கு குவாரன்டைன் அலுவலகத்துக்கு முன்னறிவிப்பு கொடுக்கவேண்டும். எனக்கு அது டிசம்பர் 8. நாய் எந்த விமான நிலையத்தில் இறங்குகிறதோ அதைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்துக்கு அனுப்பவேண்டும், நரிட்டா, ஹனேடா, கன்சாய் என்று குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும்தான் நாயை இறக்க முடியும். அவர்கள் படிவங்களைப் பார்த்து, சந்தேகம் இருந்தால் கேட்டு, எல்லாம் சரியென்றால் ஓர் ஒப்புதல் கடிதம் தருவார்கள். இந்த அலுவலகத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும்: மெயில் போட்டால் பதில் வருகிறது, தெளிவாக வருகிறது. அதனால் சான்றிதழ்களில் கையெழுத்து வாங்குவதற்கு முன்பே வரைவை ஸ்கேன் செய்து அவர்களுக்கு அனுப்பிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இனம் என்ற கட்டத்தில் நாட்டு நாய்க்கு என்ன எழுதுவது என்று குழம்பாதீர்கள், 'மிக்ஸ்' என்று எழுதினால் எல்லாக் காகிதத்திலும் 'மிக்ஸ்' என்றே இருக்கட்டும். ஒன்றில் மிக்ஸ், ஒன்றில் இந்தியன், இன்னொன்றில் பரியா என்று இருந்தால்தான் வம்பு.

கிளம்புவதற்கு முந்தைய 10 நாளுக்குள் டாக்டர் நாயைப் பரிசோதித்து ரேபிஸ் அறிகுறி இல்லை என்று எழுதவேண்டும். அப்புறம் அந்தச் சான்றிதழில் மத்திய அரசின் விலங்கு குவாரன்டைன் மற்றும் சான்றளிப்பு நிலையம் முத்திரை வைக்கவேண்டும். தனியார் டாக்டர் கையெழுத்து மட்டும் இருந்தால் ஜப்பானில் செல்லாது. சென்னை நிலையம் பள்ளிக்கரணையில், எங்களுக்குப் பக்கம்தான். பாஸ்போர்ட், டிக்கெட், ஊசிப் புத்தகம், ரத்த ரிசல்ட்டின் அசல், எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் எடுத்துப் போங்கள், நாயையும் கூட்டிப்போங்கள். இங்கேதான் பொங்கல் காலை வாரியது. எனக்குக் கிடைத்த 10 நாளில் சனி, ஞாயிறு, பொங்கல் விடுமுறை எல்லாம் கழித்துப் பார்த்தால் அரசு அலுவலகம் திறந்திருக்கும் நாட்கள் ஒரு கையில் அடங்கிவிட்டன. ஒரு திருத்தம் வந்திருந்தால் அவ்வளவுதான். நீங்கள் டிக்கெட் போடும்போதே விடுமுறைப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் கடைசியில் டிக்கெட்டை ஒரு வாரம் தள்ளிப் போட்டேன், 180 நாளுக்கு மேல், அந்த இரண்டு வருடத்துக்குள் எத்தனை நாள் ஆனாலும் யாரும் கேட்கப்போவதில்லை.

டிக்கெட் என்றதும் ஞாபகம் வருகிறது, உங்கள் டிக்கெட்டை வாங்குவதற்கு முன் விமான நிறுவனத்தில் நாய்க்கு இடம் உறுதி செய்யுங்கள். ஒரு விமானத்தில் இத்தனை விலங்குதான் என்று கணக்கு வைத்திருப்பார்கள். பக், புல்டாக், ஷிட்சு மாதிரி மூக்கு சப்பையான நாய்களைப் பல நிறுவனங்கள் ஏற்றவே மாட்டார்கள், அவற்றுக்கு வெப்பத்தில் மூச்சு முட்டும். நான் போனபோது சென்னையிலிருந்து டோக்கியோவுக்கு நேரடி விமானம் இல்லை. மாறிப் போகும்போது நாய் நடுவில் விமான நிலையத்தை விட்டு வெளியே போகாமல் இருப்பதும், நடுவில் இருக்கும் நாடு தனியாக அனுமதி கேட்கிறதா என்பதும் முன்கூட்டியே தெரியவேண்டும். மே மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள். மீனம்பாக்கத்தில் மதிய வெயிலில் ஓடுதளத்தில் நம்மாலேயே நிற்க முடியாது.

கூண்டுதான் எனக்குப் பிடித்த பகுதி. இன்ச் டேப் எடுத்து நாயை நிற்கவைத்து அளந்துகொள்ளுங்கள். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை நீளம், அதோடு தரையிலிருந்து முழங்கை வரையான உயரத்தில் பாதியைக் கூட்டினால் கூண்டின் குறைந்தபட்ச நீளம். தோள்பட்டை அகலத்தைப் போல இரண்டு மடங்கு, அகலம். நிற்கும்போது தலை உச்சி அல்லது காது நுனி, எது உயரமோ அதோடு விரிப்பின் கனத்தையும் சேர்த்தால், உயரம். கருப்பிக்கு மூக்கிலிருந்து வால் வரை 68, முழங்கை உயரம் 30, ஆக 83 செ.மீ. நீளம், 62 செ.மீ. உயரம். வாங்கியது 91 நீளம், 64 அகலம், 69 உயரம். நாலு பக்கமும் காற்றுத் துளை, கதவு இரும்பு, மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் இணைக்க பிளாஸ்டிக் கிளிப்புக்குப் பதில் நட்டு போல்ட், சக்கரம் இருந்தால் கழற்றிவிடவேண்டும். தண்ணீர்க் கிண்ணம் கதவைத் திறக்காமலே வெளியிலிருந்து ஊற்றும்படி மாட்டியிருக்கவேண்டும்.

கார்கோவில் அனுப்பினால் ஒரு அதிர்ச்சிக்குத் தயாராக இருங்கள். நாயும் கூண்டும் சேர்ந்து 27 கிலோதான், ஆனால் அவர்கள் இடத்துக்கும் கணக்குப் போடுவார்கள்: நீளம், அகலம், உயரத்தை செ.மீ.-இல் பெருக்கி 6000-ஆல் வகுத்தால் வருவது 67 கிலோ. இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. கருப்பியை என் கூடவே அதே விமானத்தில் எக்ஸஸ் பேக்கேஜாக ஏற்றியதில் கொஞ்சம் தப்பித்தேன்.

கூண்டு வந்த அன்று கருப்பி அதைப் பார்த்துவிட்டு பால்கனிக்கு ஓடிப்போனாள். நான் கதவைக் கழற்றிவிட்டு ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் போட்டு, என் பழைய லுங்கி ஒன்றை உள்ளே விரித்து, தினமும் சோற்றுத் தட்டை ஒரு ஜாண் ஒரு ஜாணாக உள்ளே தள்ளினேன். மூன்றாவது வாரம் மத்தியானத் தூக்கமே உள்ளேதான். அப்புறம் கதவு, முதலில் ஐந்து நிமிடம், பிறகு ஒரு மணி நேரம், பிறகு ராத்திரி முழுக்க. தீபாவளி அன்று வெடிச் சத்தத்துக்கு அவளே போய் அதற்குள் சுருண்டு படுத்துக்கொண்டாள், அப்போதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. ஊரிலிருந்து வந்த பெரியம்மா, "தூக்க மாத்திரை குடுத்துட்டா நிம்மதியாப் போயிடும்ல" என்றார். கொடுக்கவே கூடாது. மயக்கத்தில் இருக்கும் நாய்க்கு உயரத்தில் மூச்சும் ரத்த அழுத்தமும் தடுமாறும், மருந்து கொடுத்தது தெரிந்தால் விமான நிறுவனமே ஏற்ற மறுத்துவிடும்.

கிளம்பும் நாளில் நாலைந்து மணி நேரம் முன்னால் கொஞ்சமாகத் தயிர்சாதம், அதற்கு மேல் வேண்டாம். தண்ணீர்க் கிண்ணத்தை முந்தின ராத்திரியே ஃப்ரீசரில் வைத்து உறையவைத்து மாட்டினால், தூக்கும்போது கொட்டாமல் போகப்போக உருகும். வாசலில் நன்றாக நடக்கவிட்டு எல்லாம் முடித்தபின் உள்ளே ஏற்றுங்கள். அசல் காகிதங்கள் உங்கள் கைப்பையில், நகல் ஒரு செட் கூண்டின் மேல் பிளாஸ்டிக் உறையில்.

நரிட்டாவில் பெட்டிகள் வரும் இடத்திலேயே, சுங்கத்துக்கு முன்னால், குவாரன்டைன் கவுன்டர் இருக்கிறது. கார்கோவில் வந்தால் இந்த வழி கிடையாது, கார்கோ பகுதிக்குத் தனியாகப் போகவேண்டும். கவுன்டரில் இருந்த பெண் கருப்பியின் கழுத்தில் ஸ்கேனரை வைத்தார், பீப் என்றது, 15 இலக்கத்தையும் விரல் வைத்துப் படித்தார். அந்த 3-இல் ஒரு நொடி நின்றது போல எனக்குத் தோன்றியது. நாற்பது நிமிடத்தில் இறக்குமதி குவாரன்டைன் சான்றிதழைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அதைப் பத்திரமாக வைத்திருங்கள், 30 நாளுக்குள் உங்கள் வார்டு அலுவலகத்தில் நாயைப் பதிவு செய்ய அதுதான் வேண்டும்.