ஸ்டீரியோ இல்லாத வாகனத்தில் வானொலி கேட்கும் வழிகள்

வானொலி பொருத்தப்படாத பழைய காரிலோ சரக்கு வண்டியிலோ டிராக்டரிலோ நிகழ்ச்சி கேட்க, டேஷ்போர்டைக் கழற்றி வயரிங் வேலையில் இறங்கியாக வேண்டும் என்பதில்லை. பேட்டரியில் இயங்கும் கையடக்க வானொலி ஒன்று பெரும்பாலோருக்குப் போதும். அதன் விலையைவிட, வண்டிக்குள் அதை எங்கே, எப்படி வைக்கிறோம் என்பதே ஒலியின் தெளிவைத் தீர்மானிக்கிறது.

வாகனத்தின் கூரையும் கதவுகளும் உலோகத் தகடுகளாக இருப்பதால் வானொலி அலைகள் கண்ணாடிகள் வழியாகவே உள்ளே வருகின்றன. 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை ஒலிபரப்பாகும் பண்பலையின் (எஃப்எம்) அலைநீளம் ஏறத்தாழ 3 மீட்டர் என்பதால் அது ஓரளவு எளிதாக நுழைந்துவிடும். மத்திய அலையின் (ஏஎம்) நீளமோ நூற்றுக்கணக்கான மீட்டர். வண்டிக்குள் வரும்போது அது வெகுவாக வலுவிழந்துவிடுகிறது. ஆகவே வானொலியை இருக்கையின் மீது போடாமல், டேஷ்போர்டின் மேல், முன்கண்ணாடியை ஒட்டி, ஓட்டுநரின் பார்வையை மறைக்காத மூலையில் வைக்க வேண்டும். ஆன்டெனாவை நீட்டிச் செங்குத்தாக நிறுத்துங்கள். பண்பலை அலைநீளத்தில் கால் பங்கான 75 சென்டிமீட்டர் நீளம் கிடைத்தால் மிக நல்லது. கண்ணாடியைத் தாங்கும் உலோகச் சட்டத்தில் அது உரசக் கூடாது.

மத்திய அலைக்கு அந்தக் கம்பியை எவ்வளவு நீட்டினாலும் பயனில்லை, ஏனெனில் அதைப் பிடிக்கும் ஃபெரைட் தண்டு (கம்பிச்சுருள் சுற்றிய காந்தப்பொருள் தண்டு) பெட்டிக்குள்ளேயே படுக்கை வாக்கில் இருக்கிறது. அதற்குப் பெட்டியையே மெல்லத் திருப்பி, ஒலி வலுக்கும் திசையில் நிறுத்த வேண்டும். சாலை வளையும்போது தண்டும் வண்டியோடு சேர்ந்து திரும்புவதால் நிலையம் மங்கக்கூடும். அது வானொலியின் பழுதன்று. இதைப் போலவே, சிக்னலில் நிற்கும்போது பண்பலை திடீரெனக் கரகரத்தால், கட்டடங்களில் பட்டுத் திரும்பும் அலையும் நேராக வரும் அலையும் அந்த இடத்தில் ஒன்றையொன்று அழிக்கின்றன என்று கொள்ளலாம். வண்டி ஓரிரு அடி நகர்ந்தாலே பெரும்பாலும் ஒலி தெளிந்துவிடும். வானொலியில் மோனோ (ஒற்றைத் தட ஒலி) வசதி இருந்தால் அதற்கு மாற்றிவிடுங்கள். பலவீனமான நிலையங்களில் இரைச்சல் கண்கூடாகக் குறையும்.

இரைச்சலைக் களைவதுதான் பொறுமை கேட்கும் வேலை. முதலில் இன்ஜினை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். அப்போதும் இரைச்சல் நீடித்தால் சிகரெட் லைட்டர் துளையில் செருகிய யுஎஸ்பி சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். மலிவான சார்ஜர்கள் மத்திய அலையையே மூழ்கடித்துவிடும். இன்ஜின் ஓடும்போது மட்டும் டிக் டிக் என்று கேட்டு, ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க வேகமெடுத்தால், அது ஸ்பார்க் பிளக்கிலிருந்து வருவது. மின்தடை உள்ள பிளக்குகளைப் போடுவதே அதற்குரிய மருந்து. சீழ்க்கை போன்ற ஒலி இன்ஜினோடு சேர்ந்து ஏறி இறங்கினால் ஆல்டர்னேட்டர் (பேட்டரியைச் சார்ஜ் செய்யும் மின்னாக்கி) தரும் மின்சாரம் வழியாக அது வருகிறது. வானொலியை அதன் சொந்த பேட்டரியில் ஓட்டினால் மறைந்துவிடும். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது என்பதால் அந்தத் தொல்லை இல்லை.

கைபேசியில் எஃப்எம் வசதி இருந்தால் வயர் உள்ள இயர்போனைச் செருகுங்கள். அந்த வயர்தான் அதற்கு ஆன்டெனா; ஆகவே அதைச் சுருட்டி வைக்காமல் கண்ணாடியோரம் நீட்டிவிட்டு, ஒலியை ஸ்பீக்கருக்கு மாற்றிக்கொள்ளலாம். எஃப்எம் இல்லாத கைபேசியில் நிலையத்தின் இணைய ஒலிபரப்பைக் கேட்கலாம். நொடிக்கு 64 கிலோபிட் ஒலிபரப்பு மணிக்கு ஏறக்குறைய 29 மெகாபைட் டேட்டாவை எடுக்கும். இணைப்பு அறுபடும் சாலைகளில் இதை நம்ப முடியாது. ஒன்றை மட்டும் தவறாமல் நினைவில் கொள்ளுங்கள்: எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் என்று விற்கப்படும் கருவி, வண்டியில் ஏற்கெனவே உள்ள வானொலிக்குப் பாட்டை அனுப்புவது, வானொலியே இல்லாத வண்டிக்கு அது உதவாது.

நிலையங்கள் தொலைவில் இருந்தால், காந்த அடிப்பகுதி கொண்ட ஆன்டெனாவை இரும்புக் கூரையின் நடுவில் ஒட்டி, கேபிளைக் கதவின் ரப்பர் வழியாக உள்ளே கொண்டுவரலாம். வெளிஆன்டெனாத் துளை உள்ள வானொலியாகத் தேர்ந்தெடுத்தால் இது எளிதாக முடியும். இறுதியில் நிரந்தரமான செட்டையே பொருத்த முடிவு செய்தால், வண்டி மின்னழுத்தத்தை முதலில் பாருங்கள்: பெரும்பாலான கார்களில் 12 வோல்ட், கனரக வண்டிகளில் 24 வோல்ட், மிகப் பழையவற்றில் 6 வோல்ட். ஃபியூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுக்கவே கூடாது.

எந்த வழியானாலும் பெட்டியை வழுக்காத விரிப்பின் மீதோ ஒட்டுப்பட்டையாலோ உறுதியாக நிறுத்துங்கள், ஆனால் காற்றுப்பை மூடியின் மீது வேண்டாம். திடீரென பிரேக் போடும்போது கட்டாத பெட்டி முகத்தை நோக்கிப் பறக்கும். இரு காதுகளிலும் இயர்போன் மாட்டிக்கொண்டு ஓட்டுவது சில நாடுகளில் குற்றம். எங்குமே ஆபத்து, ஏனெனில் ஹாரனும் ஆம்புலன்ஸ் சைரனும் காதில் விழாது. இருசக்கர வாகனத்தில் கேட்க விரும்புவோர், எஃப்எம் உள்ள ஹெல்மெட் இன்டர்காமை (ஹெல்மெட்டில் பொருத்தும் பேச்சுக் கருவி) மெல்லிய ஒலியில் வைத்துக்கொள்வது நல்லது. நிலையத்தை வண்டி கிளம்பும் முன்பே வைத்துவிடுங்கள். வெயிலில் வண்டியை நிறுத்தும்போது லித்தியம் பேட்டரி உள்ள வானொலியையும் கைபேசியையும் டேஷ்போர்டில் விட்டுச் செல்லாமல் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.