உழாத நிலத்துக்குக் குத்தகை: அமெரிக்க மண் பாதுகாப்புத் தொகையில் நேரும் தவறுகள்

கொலராடோ மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில் உள்ள பாக்கா கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு), புல்வெளியை உழுது கோதுமை விதைத்த நிலத்தின் மேல்மண்ணை 1930களின் வறட்சியும் புழுதிப் புயல்களும் வாரிக்கொண்டு போயின. அப்போது பாழான நிலங்களை அரசே விலைக்கு வாங்கிப் புல் வளர்த்தது; அவற்றில் ஒரு பகுதிதான் இன்றைய கோமஞ்சி தேசியப் புல்வெளி. 1985ஆம் ஆண்டின் வேளாண் சட்டம் வேறு வழியைத் தேர்ந்தது. நிலம் விவசாயியின் பெயரிலேயே இருக்கும். அவர் 10 முதல் 15 ஆண்டுகளுக்குப் பயிர் செய்யாமல் அதில் புல்லோ மரமோ வளர்க்க ஒப்பந்தம் செய்துகொள்வார். அரசு ஏக்கர் கணக்கில் ஆண்டுதோறும் பணம் கொடுக்கும். இதுவே ‘கன்சர்வேஷன் ரிசர்வ்’ திட்டம்.

இப்பணத்தை மானியம் என்று அழைப்பதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. மானியம் என்றதும் நமக்கு உரமானியம் நினைவுக்கு வருகிறது. இதுவோ, உழாமல் வைத்திருக்கும் பொருட்டு அரசு கொடுக்கும் குத்தகை. குத்தகை என்று கொண்டால், இப்பணம் பெறுவோரின் கவுண்டிவாரியான பட்டியலில் ஏர் பிடிக்காத நில உரிமையாளரின் பெயர் இருப்பது வியப்பாகத் தோன்றாது. ஒருவர் ஓராண்டில் பெறக்கூடிய வாடகைக்கு 50,000 டாலர் என்ற உச்சவரம்பு உண்டு. ஒரே குடும்பப்பெயர் பலமுறை வருவதைக் கண்டதுமே மோசடி என்று முடிவுகட்டுவதும் சரியன்று. பங்காளிகள் தனித்தனியே நிலம் வைத்திருக்கக்கூடும்.

விண்ணப்பிப்போர் செய்யும் முதல் தவறு, எந்த நிலமும் தகுதிபெறும் என்று நம்புவது. 2018ஆம் ஆண்டு வேளாண் சட்டப்படி, 2012 முதல் 2017 வரையிலான ஆறு ஆண்டுகளில் நான்கிலாவது பயிரிடப்பட்ட நிலமாக அது இருக்க வேண்டும் என்பது பொதுவிதி. நிலத்தை வாங்கி ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும் என்பதும் அவ்வாறே. பொதுச் சேர்க்கையில் விண்ணப்பங்கள் மதிப்பெண் அடிப்படையில் வரிசைப்படுத்தப்படுகின்றன; கேட்கும் வாடகை குறைந்தால் மதிப்பெண் கூடும். ஆகவே உச்ச வாடகையையே கேட்டு, மயிரிழையில் வாய்ப்பை இழப்பவர்கள் உண்டு.

கையெழுத்திட்ட பின் நேரும் தவறுகளே அதிகம் செலவு வைப்பவை. உழவில்லாத நிலம்தானே என்று தரிசாகப் போட்டுவிட்டால் களை மண்டிவிடும். புல்லை நிலைக்கச் செய்வதும் களையை ஒடுக்குவதும் ஒப்பந்தக் கடமைகளாகும். வறட்சி ஆண்டில் மாடுகள் பசித்து நிற்க, வேலிக்கு அப்பால் இடுப்பளவு புல் நிற்பதைக் காணும் விவசாயியின் மனநிலை நமக்குப் புரியாததன்று. ஆயினும் அவசர மேய்ச்சலுக்கும் உலர்தீவனத்துக்காகப் புல் வெட்டுவதற்கும் கவுண்டியிலுள்ள வேளாண் சேவை அலுவலகத்தின் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். பறவைகள் கூடுகட்டும் பருவத்துக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உள்ளன. ஒப்பந்தம் முறிந்ததாக முடிவானால், அந்த ஆண்டின் வாடகையை மட்டுமன்றி அதுவரை பெற்ற தொகை முழுவதையும் வட்டியோடு திருப்பிக் கட்ட நேரலாம், இழப்பீடு வேறு. ஒப்பந்த காலத்தில் நிலத்தை விற்பவருக்கும் இதே ஆபத்து உண்டு: வாங்குபவர் ஒப்பந்தத்தை ஏற்க மறுத்தால் சுமை விற்றவர் தலையில் விழும்.

இத்திட்டத்தையும் ‘ஈக்விப்’ என்னும் செலவுப் பகிர்வுத் திட்டத்தையும் குழப்பிக்கொள்வது மற்றொரு தவறு. பின்னது, நடப்புப் பண்ணையில் பாசனம், வேலி, மண் காப்பு போன்ற பணிகளின் செலவில் பொதுவாக 75 விழுக்காடு வரை ஏற்கிறது. ஆனால் ஒப்புதலுக்கு முன்பே தொடங்கிய வேலைக்குப் பொதுவாகப் பணம் கிடைக்காது.

கன்சர்வேஷன் ரிசர்வ் திட்டத்தில் எவ்வளவு நிலம் சேர்ந்தாலும் ஊருக்கு நல்லதே என்ற எண்ணத்தைச் சட்டமே ஏற்கவில்லை. ஒரு கவுண்டியின் பயிர்நிலத்தில் 25 விழுக்காட்டுக்கு மேல் சேர்ப்பதற்கு விலக்கு பெற வேண்டும். உழவு குறைந்தால் விதைக்கடையும் உரக்கடையும் தானியக் கிடங்கும் வாடும் என்ற அச்சமே இதற்குக் காரணம்.

ஒப்பந்தம் முடிந்ததும் பழையபடி உழலாம் என்று எண்ணுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. நிலம் எளிதில் அரிக்கப்படும் வகையைச் சேர்ந்ததானால், ஒப்புதல் பெற்ற மண் காப்புத் திட்டமின்றி அதில் பயிரிடுபவர் பிற வேளாண் உதவிகளை இழக்கக்கூடும். 2014ஆம் ஆண்டு வேளாண் சட்டத்துக்குப் பின் பயிர்க் காப்பீட்டுக் கட்டணத்துக்கு அரசு தரும் பங்கும் இவற்றுள் அடங்கும்.