இட்லிப்பூச் செடியை இலை மஞ்சளாகாமல் தொட்டியில் வளர்ப்பது எப்படி?

கோயில் நந்தவனம், பள்ளிக்கூட வாசல், சாலை நடுவே உள்ள தடுப்பு என்று எங்கு பார்த்தாலும் இட்லிப்பூ இருக்கும். சங்கப் பாடல்களில் ஆநிரை கவரப் போன வீரர்கள் சூடிய வெட்சியும் இதுதான். தென்னிந்தியாவும் இலங்கையும் இதற்குச் சொந்த மண் என்பதால் நம் வெயில் இதை ஒன்றும் செய்யாது. அப்படியிருந்தும் மாடியில் வைத்தால் ஆறே மாதத்தில் வெளிறிப் போகிறதே, ஏன்? பெரும்பாலும் நாம் ஊற்றும் தண்ணீர்தான் காரணம்.

1. செடி வாங்குதல்

நர்சரியில் பூ நிறைந்த செடியைப் பார்த்ததும் கை தானாக நீளும். பூவை விட்டுவிட்டு நுனி இலையைப் பாருங்கள். அது கரும்பச்சையாகவோ செம்பு நிறத் தளிராகவோ இருந்தால் எடுக்கலாம். தொட்டிக்குச் சின்ன இலைக் குட்டை ரகமே வசதி. பெரிய இலை நாட்டு ரகம் ஆள் உயரம் தாண்டும். அது தரைக்குத்தான் சரி.

2. மண் கலவை

இது காப்பிச் செடியின் குடும்பம். அதனால் சற்றே அமிலத் தன்மையுள்ள மண்தான் பிடிக்கும். செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, தேங்காய் நார்க் கழிவு ஒரு பங்கு எடுத்துக் கலந்துகொள்ளுங்கள். நார்க் கழிவை முதலில் நன்றாக அலசிப் பிழிய வேண்டும், அதில் உப்பு இருக்கும். 12 அங்குலத் தொட்டி போதும். அடியில் துளைகள் அடைபடாமல் இருக்கட்டும்.

எல்லாத் தொட்டிக்கும் முட்டை ஓட்டுத் தூளும் அடுப்புச் சாம்பலும் போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. இந்தச் செடிக்கு இரண்டும் வேண்டாம், இரண்டுமே மண்ணின் காரத்தைக் கூட்டும். தரையில் நடுவதாக இருந்தால், புதிதாகப் பூசிய சுவரை விட்டு மூன்றடியாவது தள்ளி நடுங்கள். சிமென்ட்டிலிருந்து இறங்கும் சுண்ணாம்பும் அதே வேலையைத்தான் செய்யும்.

3. நடுதலும் வெயிலும்

கோடை உச்சம் தவிர எப்போது வேண்டுமானாலும் நடலாம். பையில் இருந்த மண்கட்டி உடையாமல் வைத்து, பழைய மட்டம் வரை மட்டும் மண் அணையுங்கள். ஒரு வாரம் நிழலில் இருக்கட்டும். அப்புறம் தினமும் ஐந்தாறு மணி நேரமாவது நேர் வெயில் படும் இடத்துக்கு மாற்றுங்கள். நிழலில் இருந்தால் இலை செழிக்கும், பூ வராது.

4. தண்ணீர்

உங்கள் வீட்டு வாளியின் உட்புறம் வெள்ளையாக உப்புப் படிகிறதா? அந்தப் போர் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றினால் மண் மெல்ல மெல்லக் காரமாகும். மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. அப்போதுதான் நுனி இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக் கோடுகளாகத் தெரியும். அடி இலைகள் மட்டும் ஒன்றிரண்டு பழுத்து விழுந்தால் கவலை இல்லை, அது முதுமை.

மழைநீர் கிடைத்தால் பிடித்து வையுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் உப்பில்லாதது, தாராளமாக ஊற்றலாம். ஆனால் ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை மட்டும் வேண்டாம். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் வருகிறது.

ஏற்கெனவே மஞ்சளாகிவிட்டதா? உரக்கடையில் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) கேளுங்கள். லிட்டருக்கு 2 கிராம் கரைத்து, ஈரமான மண்ணில் மாதம் ஒருமுறை ஊற்றினால் புதுத் தளிர் பச்சையாக வரும். பழைய மஞ்சள் இலை முழுதாகத் தேறும் என்று எதிர்பார்க்காதீர்கள். தரையில் சிந்தினால் துருக்கறை போகாது. தொட்டிக்கு அடியில் தட்டு வையுங்கள். மண் காரமாகவே இருந்தால் இரும்பு மறுபடி மண்ணிலேயே மாட்டிக்கொள்ளும் என்பதால் தண்ணீரையும் மாற்றியே ஆக வேண்டும்.

மேல் மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். உரம் என்றால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு கை மண்புழு உரம்.

5. கவாத்து

பூங்கொத்து கிளை நுனியில்தான் வரும். அதனால் ஒரு சுற்றுப் பூ வாடியதும், கொத்துக்குக் கீழே இரண்டு ஜோடி இலை சேர்த்து வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் இரண்டு கிளை கிளம்பும். இரண்டிலும் பூ வரும். மொட்டு வைத்திருக்கும்போது மட்டும் கத்தரியைத் தொடாதீர்கள்.

6. பூச்சி

எறும்பு வரிசையாக ஏறினால் மேலே அசுவினியோ மாவுப்பூச்சியோ செதில் பூச்சியோ இருக்கிறது என்று அர்த்தம். இலை மேல் கரி பூசியதுபோல் படர்வதும் அவை விடும் தேன்கழிவில் வளரும் பூஞ்சைதான். லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று வாரம். பூவின் மேல் அடிக்க வேண்டாம், பட்டாம்பூச்சிகள் வரும் செடி இது.

7. குச்சி நட்டுப் பெருக்குதல்

கவாத்து செய்த குச்சிகளை வீணாக்காதீர்கள். ரொம்ப இளசாகவும் இல்லாமல் முற்றாமலும் இருக்கும் குச்சியை நான்கைந்து அங்குல நீளத்தில் நறுக்கி, மேலே இரண்டு இலை மட்டும் விட்டு, ஈர மணலும் நார்க் கழிவும் கலந்த கலவையில் நடுங்கள். மேலே ஒரு பாலித்தீன் உறை கவிழ்த்து நிழலில் வைத்தால் ஒன்றரை, இரண்டு மாதத்தில் வேர் பிடிக்கும். மெதுவாக இழுத்தால் எதிர்ப்பு தெரியும். அதற்குள் மொட்டு எட்டிப் பார்த்தால் கிள்ளி விடுங்கள், முதலில் கிளை பெருகட்டும்.