ஒரு சிறிய மூலையில் கீரிமலை: நிறுவற்கலைக்குப் புதியவர்களுக்கு

புலம்பெயர்ந்த ஊரின் சமூக மண்டபத்தில் பத்தடிக்குப் பத்தடி இடம் கிடைத்தால் போதும், நிறுவற்கலை (installation), அதாவது பார்ப்பவர் உள்ளே நடந்துவரக்கூடிய படைப்பு ஒன்றைச் செய்துவிடலாம்.

படி 1: ஓரிடம் மட்டும்

‘யாழ்ப்பாணம்’ என்று தொடங்கினால் பனை, நல்லூர்த் தேர், 1981இல் எரிந்த நூலகம் எல்லாம் வந்து குவியும். எதுவும் மனதில் நிற்காது. கீரிமலையை மட்டும் எடுங்கள். கடலை ஒட்டியே நன்னீர் ஊறும் கேணி அது. குதிரை முகத்தோடு வந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி அதில் நீராடிக் குணமானாள் என்பது ஐதிகம். ஆடி அமாவாசையில் தகப்பனுக்குப் பிதிர்க்கடன் செய்யப் போவதும் அங்கேதான். நோய் தீர்வதும் இறந்தவரை நினைப்பதும் ஒரே தண்ணீரில். அதுதான் கரு.

படி 2: குரல்கள்

“ஊரைப் பற்றிச் சொல்லுங்கோ” என்றால் எல்லாரும் பொதுவாகத்தான் பேசுவார்கள். “கேணிக்குள்ள இறங்கேக்க படி வழுக்குமோ, அம்மம்மா?” என்று கேளுங்கள். கைபேசியில் பதிந்தால் போதும்; விசிறியை நிறுத்திவிடுங்கள். 1990இல் போரினால், கீரிமலை அடங்கிய வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் நடுவில் பேச்சை நிறுத்தக்கூடும். தூண்டாதீர்கள், அந்த மௌனத்தை வெட்டவும் வேண்டாம். மண்டபத்தில் ஒலிக்கவிட அவர்களின் சம்மதம் கட்டாயம்.

படி 3: தண்ணீர்

மூன்றடிச் சதுரத் தட்டு, இரண்டு அங்குல ஆழம். அடியில் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பதித்து, பற்றரி விளக்கைச் சாய்வாகப் பிடித்தால் அலை வெளிச்சம் எதிரே தொங்கப்போகும் துணியில் (படி 4) ஆடும். 42 லீற்றர் அளவு தண்ணீர் பிடிக்கும் என்பதால் தட்டை வைத்த பிறகே நிரப்புங்கள். மின்கம்பி எதுவும் அருகில் வரக்கூடாது.

படி 4: துணிகள்

கொரியக் கலைஞர் தோ ஹோ சூ, சியோலில் உள்ள பெற்றோரின் வீட்டை அளந்து, 1999இல் பட்டுத்துணியில் தைத்துத் தொங்கவிட்டார். நமக்கு அளவுநாடா எட்டாத இடத்தில் நினைவுதான் அளவு. கேணிச் சுவர் எவ்வளவு உயரம் என்று நான்கு பேரிடம் கேளுங்கள். அம்மம்மா இடுப்பளவு என்பார், அங்கே சிறுவனாகக் குளித்த மாமா தலைக்கு மேல் என்பார். யார் சொன்னது சரி என்று தீர்க்காதீர்கள். ஒவ்வொருவரும் சொன்ன உயரத்துக்கு ஒரு பழைய வெள்ளை வேட்டியை வெட்டி, தங்கூசியில் (தூண்டில் நைலோன் நூல்) கட்டித் தொங்கவிடுங்கள். இந்தப் படைப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

குதிரை முகத்தை முகமூடியாகச் செய்தால் நாடக மேடை போலாகிவிடும். ஒரு துணியின் பின்புறம் கோட்டோவியமாக வரைந்தால் போதும். பின்னாலிருந்து வெளிச்சம் விழும்போது மட்டும் தெரியட்டும். சக்கர நாற்காலி போக மூன்றடி வழி விடுங்கள். துணிக்கான தீப்பாதுகாப்பு விதியை மண்டபத்தாரிடம் முன்பே கேளுங்கள்.

படி 5: ஒலியும் குறிப்பும்

ஒலிபெருக்கியைத் தண்ணீரிலிருந்து தள்ளி, தாழ வையுங்கள். குனிந்தால்தான் கேட்கும் அளவு சத்தம் போதும். விளக்கக் குறிப்பையும் வரைபடத்தையும் வெளியேறும் பக்கம் ஒட்டுங்கள். வாசலில் ஒட்டினால் வாசித்ததையே உள்ளேயும் தேடுவார்கள்.