ஜவ்வுமிட்டாய் நிறத்தில் ஒரு சுங்குடிப் பாவாடை

சித்திரைத் திருவிழா என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது, அழகர் மன்னிக்கட்டும், ஜவ்வுமிட்டாய்தான். மூங்கில் கழியின் உச்சியில் பொம்மை கைதட்டிக்கொண்டிருக்கும். மிட்டாய்க்காரர் ரோஸ் நிற மிட்டாயைப் பிய்த்து இழுத்து முறுக்கி, மணிக்கட்டில் கைக்கடிகாரமாகக் கட்டிவிடுவார். கடைசித் துணுக்கு கன்னத்தில் ஒட்டும். வைகை மணலில் நின்று வியர்த்து, அது வெள்ளைச் சட்டையெல்லாம் இழுவிய கறைதான் நான் செய்த முதல் துணி வடிவமைப்பு.

அந்த ரோஸில், துணியை முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றும் மதுரைச் சுங்குடி முறையில், ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒரு பாவாடை செய்வோம்.

முதலில் நிறம். ஒரு நினைவு, மூன்று நிறம் போதும். பம்பரம், பட்டம், பஞ்சுமிட்டாய் எல்லாவற்றையும் ஒரே துணியில் ஏற்றினால் பொருட்காட்சி விளம்பரத் தட்டிபோல ஆகிவிடும். நான் எடுத்துக்கொண்டவை ரோஸ், வெள்ளை, ஓரத்துக்குப் பச்சை. அழகர் பச்சைப் பட்டு உடுத்தி ஆற்றில் இறங்கினால் விளைச்சல் செழிக்கும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை.

அடுத்து துணி. 44 அங்குல அகல வெள்ளைப் பருத்தித் துணி 2 மீட்டர். பாலியஸ்டர் கலந்திருந்தால் சாயம் சரியாக ஏறாது. வெந்நீரில் சோப்புப் போட்டுத் துவைத்துக் கஞ்சியைப் போக்குங்கள். சோம்பல்பட்டால் திட்டுத் திட்டாகிவிடும்.

இனி முடிச்சு. இதில்தான் நேரம் போகும், அழகும் இதில்தான். மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண்கள் நகநுனியால் துணியைக் கிள்ளி நூல் சுற்றும் வேகம் நமக்கு வராது. ஒரு சேலைக்கே ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போடுவார்கள். நாம் நூறு போடுவோம். துணியின் நீளவாட்டில் ஒரு ஓரமாக (அதுதான் பாவாடையின் அடிப்பக்கம்) நான்கு வரிசை, வரிசைக்கு 25, எட்டு சென்டிமீட்டர் இடைவெளியில் பென்சில் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். புள்ளிக்கு அடியில் ஒரு பாசிமணியை வைத்துத் துணியைக் குவித்து, அதன் கழுத்தில் நூலை ஏழெட்டுச் சுற்று இறுக்கிக் கட்டுங்கள். கழுத்தில் மட்டும் சுற்றினால் வெள்ளை வளையம் விழும். மணி முழுவதையும் நூலால் மூடினால் வெள்ளைப் பொட்டு. வீட்டில் கோலிக்குண்டு இருந்தால் வரிசைக்கு இரண்டு மூன்று கட்டிப் பாருங்கள், வளையம் பெரிதாக வரும். மணி கிடைக்கவில்லையென்று நான் ஒருமுறை கொண்டைக்கடலையை வைத்துக் கட்டினேன். சாயத்தில் ஊறிப் புடைத்து, இரண்டு நாள் வாடை வீசியது.

சாயம்: பருத்திக்கான, வெந்நீர் தேவைப்படாத ரியாக்டிவ் சாயப்பொடி 8 கிராம், தண்ணீர் 5 லிட்டர், கல்லுப்பு 300 கிராம். பிளாஸ்டிக் வாளியோ எவர்சில்வர் பாத்திரமோ எடுங்கள், அலுமினியம் வேண்டாம். கையுறை போட்டு, மூக்கில் துணி கட்டிக்கொண்டு பொடியைக் கரையுங்கள். நனைத்துப் பிழிந்த துணியை அதில் போட்டு அரை மணி நேரம் புரட்டுங்கள். பிறகு துணியை ஓரமாக ஒதுக்கி, வெந்நீரில் கரைத்த 50 கிராம் சலவைச் சோடாவை ஊற்றுங்கள். சாயத்தை நூலிழையோடு பிணைப்பது இந்தச் சோடாதான். இன்னும் ஒரு மணி நேரம், அவ்வப்போது புரட்டினால் போதும்.

முடிச்சோடு பச்சைத் தண்ணீரில் பலமுறை அலசி, நிழலில் உலர்த்துங்கள். காய்ந்தபின்தான் நூலைப் பிரிக்க வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தில் பிரித்தால் ரோஸ் ஒழுகி வெள்ளைக்குள் இறங்கிவிடும். பிரித்த பிறகு வெந்நீரில் சோப்புப் போட்டு ஒருமுறை அலசுங்கள்.

தையல் எளிது. முடிச்சு வரிசைகள் அடியில் வரும்படி 65 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டி, பக்கங்களை இணைத்து, மேலே மடித்துத் தைத்து எலாஸ்டிக் கோத்துவிடுங்கள். மிச்சத் துணி சட்டைக்கு ஆகும். கீழே நான்கு விரல் அகலத்தில் பச்சைத் துணியை ஓரமாக வைத்துத் தையுங்கள். பச்சைக்குச் சற்று மேலே உள்பக்கமாக ஒரு டக் (மடிப்புத் தையல்) பிடித்துவிடுங்கள். பிள்ளை வளர்ந்தால் அடுத்த சித்திரைக்குப் பிரித்து இறக்கிக்கொள்ளலாம்.